தன்னடக்கம்: தூய ஆவியாரின் கனி, நம் அன்றாடப் பயிற்சி



திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு ஆலயத்திலிருந்து வீடு திரும்பும்போது நம்மில் பலர் ஏதேனும் ஒரு தீர்மானம் எடுக்கிறோம். இந்த நாற்பது நாளும் கோபப்பட மாட்டேன், குடிக்க மாட்டேன், தொடர் பார்க்க மாட்டேன் என்று உறுதி கொள்கிறோம். முதல் வாரம் நன்றாகவே போகிறது. இரண்டாம் வாரத்தில் ஒருநாள் தவறுகிறோம். மூன்றாம் வாரத்தில் அந்தத் தீர்மானமே மறந்து போகிறது. “எனக்கு மனஉறுதி கிடையாது, நான் அப்படித்தான்” என்று நமக்கு நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு பழைய பாதைக்கே திரும்புகிறோம்.

ஏன் இப்படி நடக்கிறது? நம்மிடம் நல்ல எண்ணம் இல்லையா? இருக்கிறது. கெத்சமனித் தோட்டத்தில் தூங்கிவிட்ட சீடர்களிடமும் நல்ல எண்ணம் இருந்தது. ஊக்கமுள்ள உள்ளத்தையும் வலுவற்ற உடலையும் பற்றி ஆண்டவர் அங்கேதான் பேசினார் (மாற் 14:38). நல்ல எண்ணத்தைச் செயலாக்கும் பயிற்சியே நம்மிடம் குறைவாக இருக்கிறது. அந்தப் பயிற்சியைத்தான் தன்னடக்கம் என்கிறோம். அதைப் பற்றி இங்கே சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

தன்னடக்கம் என்பது என்ன?

தூய பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் தூய ஆவியாரின் கனிகளை வரிசைப்படுத்துகிறார். அன்பில் தொடங்கும் அந்த வரிசை தன்னடக்கத்தில் முடிகிறது (கலா 5:22-23). தன்னடக்கத்தை அவர் கனி என்று அழைப்பதைக் கவனிக்க வேண்டும். கனியைக் கடையில் வாங்கி வந்து மரத்தில் கட்டித் தொங்கவிட முடியாது. மரம் வேர்விட்டு, நீர் பெற்று, பருவம் வந்து காய்க்க வேண்டும். அதேபோல் தன்னடக்கமும் ஒரே நாளில் வருவதில்லை. அது இறைவன் தரும் கொடையாகவும் நாம் உழைத்து வளர்க்கும் பயிராகவும் இருக்கிறது.

நம் பாட்டன் பாட்டி காலத்து ஞானோபதேசப் புத்தகத்தில் தலையான பாவங்கள் ஏழும், அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழும் உண்டு. போசனப்பிரியத்துக்கு எதிராக அங்கே ‘மட்டசனம்’ என்ற சொல் இருக்கும். அளவாக உண்பது என்பது அதன் நேர்ப்பொருள். இன்று அந்தச் சொல் வழக்கில் அருகிவிட்டது. அது சுட்டிய புண்ணியத்தையும் நாம் மெல்ல மறந்து வருகிறோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இந்தப் புண்ணியத்தை நான்கு தலையான நற்பண்புகளுள் ஒன்றாக வைக்கிறது (எண் 1809). உணவு, பானம், இன்பம் ஆகியவை தீயவை என்று திருச்சபை போதிக்கவில்லை. அவை கடவுள் படைத்தவை. ஆனால் நாம் அவற்றைப் பயன்படுத்த வேண்டுமே தவிர, அவை நம்மைப் பயன்படுத்த இடம் தரக்கூடாது.

தன்னடக்கம் இல்லாத மனிதரை, மதில் இடிந்து காவலற்றுக் கிடக்கும் நகருக்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள் நூல் (நீமொ 25:28). பழங்காலத்தில் மதில் இல்லாத ஊருக்குள் யாரும் எந்த நேரத்திலும் நுழையலாம், கொள்ளையடிக்கலாம். தன்னடக்கம் இல்லாத வீட்டிலும் அப்படித்தான். கோபம், கடன், மது என்று எது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். பறிபோவதோ மனைவியின் நிம்மதி, பிள்ளைகளின் படிப்பு, குடும்பத்தின் மானம்.

ஓட்டப்பந்தய வீரரைப் போல

தூய பவுல் கொரிந்து நகரத்து மக்களுக்கு எழுதும்போது விளையாட்டுக் களத்தை உவமையாக எடுக்கிறார் (1 கொரி 9:24-27). அது அந்த மக்களுக்கு மிக நன்றாகப் புரிந்த உவமை. ஏனெனில் கொரிந்துக்கு அருகில் இஸ்துமு என்ற இடத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடந்தது. வென்றவருக்குக் கிடைத்த பரிசு, இலைதழைகளால் ஆன ஒரு முடி. சில நாள்களில் வாடிப்போகும் அந்த முடிக்காக வீரர்கள் மாதக்கணக்கில் உணவையும் உறக்கத்தையும் ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். வாடாத முடியை எதிர்நோக்கும் நாம் எவ்வளவு பயிற்சி செய்ய வேண்டும் என்பதே பவுலின் கேள்வி.

களத்தில் இறங்கும் நாளன்று வீரர் புதிதாக மனஉறுதியை வரவழைத்துக்கொள்வதில்லை. பல மாதப் பயிற்சி அன்று அவருக்குக் கைகொடுக்கிறது. நாமோ சோதனை வரும் நேரத்தில் மட்டும் போராடிப் பார்க்கிறோம், பயிற்சி இல்லாததால் தோற்றுப்போகிறோம்.

ஒரு கூலித் தொழிலாளியின் வாழ்வு

இந்தப் பயிற்சி சாமானிய மனிதருக்குச் சாத்தியமா? சாத்தியம் என்பதற்கு அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் வாழ்ந்த மாட் டால்பட் என்ற தொழிலாளி சாட்சியாக இருக்கிறார். அவர் குருவும் அல்ல, துறவியும் அல்ல. 1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை குடிப்பழக்கம் உள்ளவர். மாட் சுமார் 12 வயதில் பள்ளியை விட்டு, மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே குடிக்கக் கற்றுக்கொண்டார். அடுத்த பதினாறு ஆண்டுகள் அவருடைய கூலி முழுவதும் மதுக்கடைக்கே போனது. கடன் வாங்கினார். தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலைக்கூடத் திருடி விற்றுக் குடித்தார்.

1884ஆம் ஆண்டு, அவருக்கு 28 வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை அவர் கையில் காசில்லை. அதுவரை தாம் எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறோமே, யாராவது தமக்கும் வாங்கித் தருவார்கள் என்று மதுக்கடை அருகே நின்றார். நண்பர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். ஒருவரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. உள்ளம் நொந்து வீடு திரும்பியவர், இனிக் குடிப்பதில்லை என்று வாக்குறுதி எடுக்கப்போவதாகத் தாயிடம் சொன்னார். காப்பாற்ற மனமிருந்தால் மட்டும் எடு என்ற பொருள்பட அந்தத் தாய் எச்சரித்தார். அன்றே ஒரு குருவைத் தேடிச்சென்று ஒப்புரவு அருட்சாதனம் பெற்று வாக்குறுதி எடுத்தார். முதலில் எடுத்தது வெறும் மூன்று மாதங்களுக்கு. அது முடிந்ததும் நீட்டித்தார். பிறகு வாழ்நாள் முழுமைக்கும் எடுத்தார்.

தொடக்க மாதங்கள் கொடியவை. ஒருமுறை மனம் தளர்ந்து மதுக்கடைக்குள் சென்றுவிட்டார். கூட்டத்தில் யாரும் அவரைக் கவனிக்காததால் வெளியே வந்தார். அன்றிலிருந்து சட்டைப்பையில் காசு வைத்துக்கொண்டு வெளியே போவதில்லை என்று முடிவு செய்தார். மாலை நேரங்களில் மதுக்கடைக்குப் பதிலாக ஆலயத்தில் போய் அமர்ந்தார். நாள்தோறும் வேலைக்குப் போகும் முன் அதிகாலைத் திருப்பலியில் பங்கேற்றார். பழைய கடன்களை ஒவ்வொன்றாக அடைத்தார். பிடில்காரரைத் தேடி அலைந்தும் கண்டுபிடிக்க முடியாததால், அந்தப் பணத்தை அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செலவிட்டார். சரியாகப் படிக்கத் தெரியாதவர், மெல்ல மெல்ல எழுத்துக்கூட்டி ஆன்மிக நூல்களைப் படிக்கப் பழகினார். மரக்கிடங்கில் கூலி வேலை செய்துகொண்டே, தம் தேவைக்குப் போக மிஞ்சியதை ஏழைகளுக்கும் மறைபரப்புப் பணிக்கும் கொடுத்தார்.

1925ஆம் ஆண்டு ஜூன் 7, மூவொரு கடவுள் பெருவிழா ஞாயிறு. திருப்பலிக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் மயங்கி விழுந்து இறந்தார். 41 ஆண்டுகள் அவர் மதுவைத் தொடவில்லை. 1975ஆம் ஆண்டு திருத்தந்தை 6ஆம் பவுல் அவரை ‘வணக்கத்துக்குரியவர்’ என்று அறிவித்தார். குடிநோயிலிருந்து விடுபடப் போராடும் பலர் உலகெங்கும் இன்று அவருடைய மன்றாட்டை நாடுகிறார்கள்.

அவர் இறந்தபோது உடலில் தவத்தின் அடையாளமாகச் சங்கிலிகள் அணிந்திருந்தது தெரியவந்தது. அத்தகைய கடும் தவத்தைத் திருச்சபை நம்மிடம் கேட்கவில்லை. நாம் அவரிடம் கற்க வேண்டியவை வேறு.

அவர் வாழ்வு தரும் பாடங்கள்

முதலாவது, சிறிதாகத் தொடங்குதல். ஆயுள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்று அவர் முதல் நாளே சொல்லவில்லை. மூன்று மாதம் என்றார். சிறியவற்றைப் பொருட்படுத்தாதவர் சிறிது சிறிதாக வீழ்வார் என்று சீராக்கின் ஞானம் எச்சரிக்கிறது (சீஞா 19:1). சிறியவற்றில் நம்பிக்கைக்கு உரியவராய் இருப்பவர் பெரியவற்றிலும் அப்படியே இருப்பார் என்பது ஆண்டவரின் வாக்கு (லூக் 16:10). நம்மால் முடியாத பெரிய தீர்மானத்தைவிட, நாம் காப்பாற்றும் சிறிய தீர்மானமே மேல்.

இரண்டாவது, வாசலை அடைத்தல். பையில் காசு இருந்தால் கால் கடைக்கு இழுக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆகவே காசை வைத்துக்கொள்ளவில்லை. பாவத்துக்கு அடுத்த சமயத்தை விலக்க வேண்டும் என்று நம் முன்னோர் கற்பித்தது இதைத்தான். சோதனையோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்பதைவிட, அது வரும் வழியை மாற்றி விடுவது அறிவுடைமை.

மூன்றாவது, வெற்றிடத்தை நிரப்புதல். வெளியேறிய தீய ஆவி திரும்பிவந்து, கூட்டிப் பெருக்கி அழகுபடுத்தப்பட்டு வெறுமையாகக் கிடக்கும் வீட்டைக் கண்டு, தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளை அழைத்துவந்து குடியேறிய உவமையை ஆண்டவர் சொன்னார் (மத் 12:43-45). கெட்ட பழக்கத்தை விட்டால் மட்டும் போதாது. அது பிடித்திருந்த நேரத்தில் வேறொரு நல்ல பழக்கம் வந்து அமர வேண்டும். டால்பட் அந்த மாலை நேரங்களை ஆலயத்துக்குக் கொடுத்தார்.

நான்காவது, ஈடுசெய்தல். மனம் வருந்துவதோடு அவர் நிற்கவில்லை. கடனை அடைத்தார், திருடியதற்கு ஈடுசெய்தார். நம்முடைய கட்டுப்பாடற்ற வாழ்வால் இழப்புக்கு உள்ளானவர்கள் பெரும்பாலும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன திருப்பிக் கொடுத்தோம்?

ஐந்தாவது, அருளில் வேரூன்றுதல். பவுல் போன்ற திருத்தூதரே தாம் விரும்பும் நன்மையைச் செய்ய முடியாமல் விரும்பாத தீமையைச் செய்துவிடுவதாகப் புலம்பி, இறுதியில் இயேசு கிறிஸ்துவில் விடுதலை கண்டு நன்றி சொல்கிறார் (உரோ 7:19-25). நம் மனஉறுதி மட்டும் நம்மை மீட்காது. திருப்பலியும் ஒப்புரவு அருட்சாதனமும் நம் முயற்சியைத் தாங்கிப் பிடிக்கும் தூண்கள்.

நம் வீடுகளில்

இந்தப் பாடங்களை நம் அன்றாட வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம்.

மது: தமிழகத்தில் மதுவின் சில்லறை விற்பனையை 2003ஆம் ஆண்டு முதல் அரசு நிறுவனமே நடத்தி வருகிறது. கடைகளை மூடச் சொல்லிக் குரல் கொடுப்பது நம் கடமை. ஆனால் நம் வீட்டு விசேஷங்களில் என்ன நடக்கிறது? திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம், ஊர்த் திருவிழா, ஏன் துக்க வீட்டிலும்கூட, “அது இல்லாமல் எப்படி?” என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோம். கடன் வாங்கி விருந்து வைத்து ஏழையாகிவிடாதே என்று சீராக் அன்றே சொல்லிவைத்தார் (சீஞா 18:33). நம் அன்பியக் குடும்பங்கள் ஒன்றுகூடி, இனி எங்கள் விசேஷங்களில் மது இல்லை என்று தீர்மானித்தால், தனி மனிதர் ஒருவரால் முடியாததைச் சமூகமாகச் சாதிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நெடுங்காலம் அளவுக்கு மீறிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் போன்றவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அது நோய். மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மருத்துவமனைக்குப் போவது விசுவாசக் குறைவு அல்ல. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ தோழமைக் குழுக்களும் பெரிதும் துணைசெய்கின்றன. அவரைக் ‘குடிகாரன்’ என்று ஒதுக்காமல், கைபிடித்து அங்கே அழைத்துச் செல்வது பிறரன்புப் பணி.

நாவு: குதிரையின் வாயிலிடும் சிறு கடிவாளத்தையும் கப்பலைத் திருப்பும் சிறு சுக்கானையும் காட்டி நாவடக்கத்தைக் கற்பிக்கிறார் தூய யாக்கோபு (யாக் 3:3-5). வள்ளுவரும் ‘அடக்கமுடைமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்து, அதில் நாகாத்தலை வலியுறுத்துகிறார். கோபத்தில் வரும் பதிலை ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடிக்கும்வரை நிறுத்திவைத்துப் பார்ப்போம். பாதிச் சண்டைகள் அங்கேயே முடிந்துவிடும்.

கைப்பேசி: காலையில் கண்விழித்ததும் சிலுவை அடையாளம் வரைவதற்கு முன் கை எதைத் தேடுகிறது? 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ் கணினியை நன்கு அறிந்த இளைஞர். காணொளி விளையாட்டையும் விரும்பியவர். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரம்பு வைத்துக்கொண்டதாக அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இரவு உணவு நேரத்திலும் குடும்பச் செபமாலை நேரத்திலும் எல்லாருடைய கைப்பேசியும் ஓர் இடத்தில் ஓய்வெடுக்கட்டும். பெற்றோர் தொடங்கினால் பிள்ளைகள் பின்பற்றுவார்கள்.

உணவு: திருச்சபை நமக்கு ஏற்கெனவே ஒரு பயிற்சிக் களத்தைத் தந்திருக்கிறது. 14 வயது நிறைந்தவர்கள் சுத்தபோசனத்தையும், 18 வயது நிறைந்தவர்கள் 60ஆம் வயது தொடங்கும்வரை ஒருசந்தியையும் அதற்குரிய நாள்களில் கடைப்பிடிக்க வேண்டும். நற்கருணை உட்கொள்ளும் முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். நோயுற்றோருக்கு விலக்கு உண்டு. இவை சின்னஞ்சிறு ஒழுங்குகளே. ஆனால் கண்முன் இருக்கும் உணவை இறைவனுக்காக ஒதுக்கிவைக்கப் பழகிய கை, நாளை வேறொன்றையும் ஒதுக்கிவைக்கும் வலிமை பெறும்.

இஞ்ஞாசியார் தரும் எளிய முறை

புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலில் ஒரு வழி கற்பிக்கிறார். ஒரே நேரத்தில் எல்லாக் குறைகளையும் பிடிக்காமல் ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும், இன்று இதில் கவனமாக இருப்பேன் என்று உறுதி எடுக்க வேண்டும். நண்பகல் உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் எத்தனை முறை தவறினோம் என்று எண்ணி, ஒரு கோட்டின்மேல் அத்தனை புள்ளிகள் வைக்க வேண்டும். தவறும் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கைவைத்து மனம் வருந்த வேண்டும். பிறகு நேற்றையும் இன்றையும், சென்ற வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதும் நமக்கு இது கடினமே அல்ல. ஒரு சிறு நோட்டும் பேனாவும் போதும். ஒரு மாதம் முயன்று பார்ப்போம். முதல் வாரத்தில் ஏழெட்டுப் புள்ளிகள், மூன்றாம் வாரத்தில் நான்கைந்து என்று குறைந்தால், அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம். குறையவில்லை என்றால், எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது தவறுகிறோம் என்பதையாவது அறிந்துகொள்வோம். அடைக்க வேண்டிய வாசல் எது என்று அது காட்டிவிடும்.

எதற்காக இவ்வளவும்?

தன்னடக்கத்தில் வளர்பவருக்கு ஓர் ஆபத்தும் உண்டு. வாரம் இருமுறை நோன்பிருந்த பரிசேயர், அதைக் கடவுளிடமே பெருமையாகச் சொல்லி, தொலைவில் நின்ற வரிதண்டுபவரை இகழ்ந்தார் (லூக் 18:11-12). உணவை அடக்கியவரால் ஆணவத்தை அடக்க முடியவில்லை. நோன்பை முறித்துவிட்ட தம்பியை இளக்காரமாகப் பார்க்கச் சொல்லும் தன்னடக்கம், தூய ஆவியாரின் கனி அல்ல.

தூய பேதுருவின் திருமுகம் ஒரு படிக்கட்டைக் காட்டுகிறது. நம்பிக்கையில் தொடங்கி, நற்பண்பு, அறிவு, தன்னடக்கம், மனஉறுதி, இறைப்பற்று, சகோதர நேயம் என ஏறி, அன்பில் அது முடிகிறது (2 பேது 1:5-7). தன்னடக்கம் நடுவில் இருக்கும் ஒரு படி. நாம் போய்ச்சேர வேண்டிய மேல்மாடம் அன்புதான். பசித்தோரோடு உணவைப் பகிர்வதே தாம் விரும்பும் நோன்பு என்று எசாயா வழியாக ஆண்டவர் சொன்னதும் இதனால்தான் (எசா 58:6-7). குடிக்காமல் மிச்சமான பணம் பிள்ளையின் பள்ளிக் கட்டணமாக மாறட்டும். கைப்பேசியிலிருந்து மீட்ட அரை மணி நேரம், பேச ஆளின்றித் திண்ணையில் அமர்ந்திருக்கும் வயதான தாய்க்குக் கிடைக்கட்டும். அடக்கிய கோபம் வீட்டில் அமைதியாகப் பரவட்டும்.

இடையில் விழுந்துவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம். மதுக்கடைக்குள் கால் வைத்துவிட்ட அந்த டப்ளின் தொழிலாளி, அன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தால் இன்று நாம் அவரை அறிந்திருக்க மாட்டோம். ஒப்புரவு அருட்சாதனத்தின் கதவு திறந்தே இருக்கிறது. கடவுள் நமக்குத் தந்திருப்பது கோழையுள்ளம் கொண்ட ஆவியை அல்ல, வல்லமையும் அன்பும் கட்டுப்பாடும் தரும் ஆவியையே என்று பவுல் திமொத்தேயுவை ஊக்கப்படுத்துகிறார் (2 திமொ 1:7).

எனவே அன்பார்ந்தவர்களே, அடுத்த தவக்காலம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றிரவு படுக்கைக்குப் போகும் முன் ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொள்வோம். ஒரே ஒரு வாரத்துக்கு மட்டும் தீர்மானம் எடுப்போம். அதை நம் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைப்போம். நாளைக் காலை எழுந்ததும், தூய ஆவியாரே வாரும், எங்கள் வலுவின்மையில் துணைநின்று இந்தக் கனியை எங்களில் விளையச் செய்தருளும் என்று வேண்டித் தொடங்குவோம். தொடங்கியவரை நிறைவுவரை வழிநடத்த ஆண்டவர் வல்லவர்.